கூத்தாடியின் கௌரவம்

“கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்” என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. எப்பொழுது விடியும் என்று ஒருவன் ஏங்குகிறான். எப்பொழுது பொழுது சாயும் என்று மற்றவன் ஏங்குகிறான். இருவரும் உடம்பை முதலாக வைத்துப் பிழைப்பவர் என்பதை அப்பழமொழியைச் செய்த பெயரறியாப் பெரியோன் உணர்ந்திருக்க வேண்டும். அதை நாள்தோறும் வாயில் வழங்கும் நாமோ உணர்ந்தோமில்லை. ‘கூத்தாடி’ என்ற சொல்லைப் பெண் கேட்டு வந்த இடத்தில் வசவாக வீசுகிறோம். அதே கூத்தாடியின் படத்தை அன்று மாலையே வரிசையில் நின்று சீட்டு வாங்கிப் பார்த்து, கண்ணீர் வடித்து, கைதட்டி வீடு திரும்புகிறோம். இழிவும் வழிபாடும் ஒரே மரத்தின் இரு கிளைகள். இரண்டிலும் இல்லாத பொருள் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் மதிப்பு.

இந்த மதிப்பைத் தம் கலையின் பொருளாகவே எடுத்துக்கொண்டு, பாட்டாலும் நடிப்பாலும் வாழ்நாள் முழுதும் வழக்காடிய ஒருவர் நமது அண்டை வீட்டில் இருந்தார். அவரே மலாய்ப் பாடகரும் நடிகருமான பி. ராம்லீ. தமிழ்ப் பத்திரிகையின் இலக்கியப் பகுதியில் மலாய் நடிகரைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கும் அன்பர்களுக்கு நாம் கூறும் விடை இது: சிராங்கூன் சாலையிலிருந்து நடந்து போகும் தொலைவில், பாலஸ்டியர் சாலையின் கிளையான ஜாலான் அம்பாஸ் தெருவில் அவர் கலை உருவாயிற்று. அவரைக் கண்டெடுத்தவரும், முதலில் இயக்கியவரும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அவர் எடுத்துக்கொண்ட வழக்கோ மலாய்க்காரருக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது. இம்மூன்றும் போதாவா?

பிறப்பும் பயிற்சியும்

ராம்லீயின் இயற்பெயர் தெயுக்கு ஜகாரியா. 1929-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். தந்தை தெயுக்கு ஞாக் புத்தே, சுமத்திராவின் அச்சே நாட்டிலிருந்து வந்த கடலோடி. தாய் சே மா, பட்டர்வொர்த்துப் பக்கத்துப் பெண். தந்தையின் பெயரிலுள்ள ‘புத்தே’ என்பதன் முதலெழுத்தே ‘பி.’ என்று முன்னே நின்றது. நமது தலைப்பெழுத்து வழக்கத்தை ஒத்த இச்சிறு செய்தி நம் வாசகர்களுக்கு இனிக்கும் என்று எண்ணுகிறோம்.

மலாய்ப் பள்ளியில் தொடங்கிப் பினாங்கு பிரீ ஸ்கூலில் ஆங்கிலம் பயின்றுகொண்டிருந்தபொழுது ஜப்பானியர் படையெடுப்பு வந்தது. ஜப்பானியக் கடற்படைப் பள்ளியொன்றில் சேர்ந்தார். போர்க்காலம் பலருக்குப் படிப்பைக் கெடுத்தது. இவருக்கு அது சங்கீதத்தைக் கொடுத்தது. யுகுலேலே, வயலின் முதலிய வாத்தியங்களை அக்காலத்தில் கைவரப் பெற்றார். போர் ஓய்ந்தபின் பினாங்கு வானொலி நடத்திய பாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டு, 1947-இல் வடமலாயாவின் சிறந்த பாடகர் என்ற பெயரை அடைந்தார். 1948-இல் புக்கிட் மெர்த்தாஜாமில் நடந்த விவசாயப் பொருட்காட்சியில் அவர் தம் வாத்தியக் குழுவோடு பாடியதை ஷா சகோதரர் கம்பெனியின் டைரக்டர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் கேட்டார். 1934-இல் முதல் மலாய்ப் பேசும்படமாகிய ‘லைலா மஜ்னு’வைச் சிங்கப்பூரில் எடுத்தவர் இந்த ராஜ்ஹன்ஸே. அவர் அழைப்பின்பேரில் அவ்வாண்டு ஆகஸ்டில் ராம்லீ சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். அப்பொழுது வயது 19.

முதற் படமாகிய ‘சிந்தா’வில் அவருக்குக் கிடைத்தது வில்லன் வேஷம். கதாநாயகன் வாயசைக்க, அவனுக்காகத் திரைக்குப் பின்னால் நின்று பாடவேண்டிய வேலையும் கிடைத்தது. குரல் ஒருவருடையது, முகம் மற்றொருவருடையது! முகம் அழகில்லை என்று ஒதுக்கப்பட்டவனின் குரலை அழகன் ஒருவன் கடன் வாங்கிக்கொண்டு கைதட்டல் பெறுவது அக்கால வழக்கம். 1950-இல் ‘பக்தி’ என்ற படத்தை இயக்கிய எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். அவரே ராம்லீயைக் கதாநாயகனாக்கி, அவர் குரலிலேயே அவரைப் பாடவும் வைத்தார். குரலும் முகமும் ஒருவனிடமே வந்து சேர்ந்த அந்த நாளிலிருந்துதான் பி. ராம்லீ என்ற கலைஞனின் வாழ்வு உண்மையில் தொடங்குகிறது. இதை நிகழ்த்தியவர் நம்மவர் ஒருவர் என்பதைப் பெருமைக்காகக் கூறவில்லை; மறந்துவிட்டோமே என்ற வருத்தத்தால் கூறுகிறோம்.

ஆட்டக் கூடத்துச் சங்கீதம்

ராம்லீயின் பாட்டைப் பற்றிப் பேசுமுன் அது எந்த மண்ணில் முளைத்தது என்பதைக் காணவேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னும் பின்னும் சிங்கப்பூரின் இரவு வாழ்க்கை மூன்று கேளிக்கைப் பூங்காக்களில் நடந்தது. ஜாலான் புசாரில் இருந்த ‘நியூ வோர்ல்டு’, கிம் செங் சாலைப் பக்கம் இருந்த ‘கிரேட் வோர்ல்டு’, கேலாங்கை அடுத்த ‘ஹேப்பி வோர்ல்டு’ ஆகிய இவற்றில் மல்யுத்தமும், சீன நாடகமும், மலாய் ‘பங்சாவான்’ நாடகமும், சினிமாவும் ஒரே மதிலுக்குள் நடைபெற்றன. நடுநாயகமாக விளங்கியது காபரே என்னும் ஆட்டக் கூடம். பிலிப்பைன்ஸ் வாத்தியக்காரர் முதலிய பலரும் அங்கே எக்காளம், சாக்ஸபோன், பியானோ, டிரம் ஆகியவற்றைக் கொண்டு ரும்பா, மாம்போ, சா-சா-சா, பெகின் என்ற அமெரிக்கக் கண்டத்து ஆட்டமெட்டுக்களை வாசித்தார்கள். சீட்டுக் கொடுத்தால் உடன் ஆடும் பெண்கள் இருந்தார்கள். நாள் முழுதும் துறைமுகத்திலும் ஆபீசிலும் உழைத்தவன் மாலையில் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அங்கே நுழைந்தான். 1923-இல் தோன்றிய ‘நியூ வோர்ல்டு’ 1987-இல் மூடப்பட்டது; அதன் பழைய வாசல் வளைவு மட்டும் இன்று கடைத்தொகுதி ஒன்றின் முன்னே நினைவுச்சின்னமாக நிற்கிறது.

இந்த ஆட்டக் கூடத்துச் சங்கீதத்தை மலாய்க் கிராமத்து மொழியோடு இணைத்ததே ராம்லீயின் முதற் சாதனை. இணைத்தார் என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். இணைப்பது எவ்வளவு அரிது என்பதை நமது தமிழ்ப் படங்களைப் பார்த்தவர் அறிவர். வேற்று நாட்டு மெட்டைத் தூக்கி வந்து தமிழ்ச் சொற்களை அதன் தலையில் கட்டாயமாக ஏற்றினால், குறில் நெடிலாகும், நெடில் குறிலாகும், சொல் முடமாகும். ராம்லீயின் பாட்டுகளில் அந்தத் தொல்லை அரிது. காரணம் இரண்டு. முதலாவது, அவர் பாட்டை எழுதும் புலவரோடு பக்கத்தில் உட்கார்ந்து மெட்டமைத்தார், எஸ். சுடர்மாஜி, ஜமில் சுலோங் முதலியோரின் சொற்கள் மெட்டோடு சேர்ந்தே பிறந்தன. இரண்டாவது, அவர் குரல் மெல்லியது. உரத்துக் கூவாத குரல். ஒலிபெருக்கி வந்தபின் தோன்றிய குரல் அது. காதருகே பேசுவது போலப் பாடுவது. ஆட்டமெட்டின் தாளம் கீழே ஓடிக்கொண்டிருக்க, மேலே குரல் அவசரமின்றி, சொல்லின் கடைசி எழுத்துவரை நின்று, மலாய் நாட்டு ‘அஸ்லி’ப் பாட்டுக்கு உரிய வளைவுகளோடு இறங்கும். கீழே காபரே, மேலே கம்பம். இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை.

நமது எம். கே. தியாகராஜ பாகவதரை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். பாகவதரின் குரல் மேடையில் பிறந்தது. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டவேண்டிய குரல். ஆதலால் உச்சத்தை நாடுவது. அக்குரலைக் கேட்கும்பொழுது நாம் தலை நிமிர்கிறோம். ராம்லீயின் குரலைக் கேட்கும்பொழுது தலை சாய்கிறோம். முன்னது கோவிலுக்கு உரியதென்றால் பின்னது வீட்டுத் திண்ணைக்கு உரியது. இரண்டில் எது உயர்ந்தது என்ற கேள்வி வீண். எது எந்தக் காலத்தின் குரல் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

பட்டறை

ஜாலான் அம்பாஸில் இருந்த மலாய் பிலிம் புரொடக்ஷன்ஸ் ஸ்டூடியோவைக் கலைக்கூடம் என்பதைவிடப் பட்டறை என்பதே பொருந்தும். 1947 முதல் 1967 வரை அங்கே 150-க்கு மேற்பட்ட படங்கள் செய்யப்பட்டன. சீன முதலாளிகள் பணம் போட்டார்கள். இந்திய டைரக்டர்கள் இயக்கினார்கள். மலாய் நடிகர்கள் நடித்தார்கள். மூன்று இனத்தார் ஒரு கூரையின்கீழ்க் கூடி ஒரு பொருளைச் செய்த இடம் அது. எல். கிருஷ்ணன், எஸ். ராமநாதன், பி. என். ராவ், பணி மஜும்தார் ஆகியோர் ஒருவர்பின் ஒருவராக ராம்லீயை இயக்கினார்கள். இவர்களுள் மஜும்தாரைத் தனியே குறிப்பிடவேண்டும். 1938-இல் கல்கத்தாவில் கே. எல். சைகால் பாடி நடித்த ‘ஸ்டிரீட் சிங்கர்’ படத்தை எடுத்தவர் அவர். தெருப்பாடகனின் துயரத்தைச் சைகாலின் குரலில் காட்டியவர், பதினெட்டு ஆண்டுகளுக்குப்பின் சிங்கப்பூரில் ராம்லீயை வைத்து ‘ஹங் துவா’ என்ற வண்ணப்படத்தையும் ‘அனாக்கு சசாலி’ என்ற படத்தையும் எடுத்தார். முன்னதற்கு ராம்லீ அமைத்த சங்கீதம் 1956-இல் ஹாங்காங்கில் நடந்த ஆசியப் படவிழாவில் பரிசு பெற்றது. பின்னதில் தந்தையும் மகனுமாக இரட்டை வேஷத்தில் நடித்ததற்காக 1957-இல் தோக்கியோ விழாவில் சிறந்த நடிகர் பரிசு கிடைத்தது.

பரிசுகள் ஒருபுறம் இருக்க, 1957-இல் அந்தப் பட்டறையில் நிகழ்ந்த மற்றொன்றை நாம் மறக்கலாகாது. நடிகர்களும் தொழிலாளர்களும் தங்கள் சங்கமாகிய ‘பெர்சாமா’வின்கீழ் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். வேலைநீக்கம் செய்யப்பட்ட தோழர்களுக்காக நின்றார்கள். அச்சங்கத்தின் முன்னணியில் ராம்லீ இருந்தார். திரையில் ஏழையாக நடித்துவிட்டுத் திரைக்கு வெளியே முதலாளியின் பக்கம் நிற்கும் நட்சத்திரங்களை நாம் பல ஊர்களில் கண்டதுண்டு. ஆதலால் இச்செய்தி சிறிதன்று. தோட்டத்துக் கிராணி மேசையில் உட்கார்ந்து செக்ரோல் எழுதி, பிறர் கூலியைக் கூட்டிக் கழித்துப் பழகிய நமக்கு இதன் பெறுமானம் நன்றாகவே தெரியும்.

ஏழையின் நகைப்பு

1955-இல் ‘பெனாரேக் பெச்சா’ என்ற படத்தில் ராம்லீ முதன்முறையாகத் தாமே டைரக்டரானார். பெயரின் பொருள் ‘ரிக்‌ஷாக்காரன்’. மூன்று சக்கர வண்டி மிதிக்கும் ஏழை இளைஞனுக்கும் பணக்காரனின் மகளுக்கும் உண்டாகும் அன்பே கதை. கதை புதிதன்று, நம் நாடகக் கம்பெனிகள் நூறுமுறை ஆடியதே. புதிது எதுவென்றால், ஏழையின் வீட்டை அவர் காட்டும் முறை. அங்கே வறுமை உண்டு, அழுக்கு இல்லை. கூலி குறைவு, மானம் குறைவில்லை. பணக்காரன் மனம் மாறி மகளைக் கொடுப்பதை ஏழைக்குக் கிடைத்த பிச்சையாகக் காட்டாமல், பணக்காரனுக்குக் கிடைத்த அறிவாகக் காட்டுகிறார். இது சீர்திருத்தக் கண்.

‘பூஜாங் லாப்போக்’ வரிசைப் படங்கள் 1957 முதல் 1961 வரை வந்தன. ராம்லீ, எஸ். சம்சுதீன், அசிஸ் சத்தார் ஆகிய மூவரும் மணமாகாத மூன்று வறிய இளைஞர்களாக வந்து செய்யும் கூத்தே இவை. இவற்றுள் ‘பெண்டேக்கார் பூஜாங் லாப்போக்’ 1959-இல் சிறந்த நகைச்சுவைப் படத்துக்கான ஆசியப் பரிசைப் பெற்றது. ‘செனிமான் பூஜாங் லாப்போக்’ படத்தில் அம்மூவரும் நடிகர் வேலை தேடி ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவுக்கே வருகிறார்கள். தம் சொந்தத் தொழிலையே கேலி செய்யும் துணிவு பெரிய கலைஞனுக்கே உண்டு. நடிகன் என்றால் மணக்கும் மேனியும் மோட்டார் வண்டியும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, வாடகைக்கு எடுத்த அறையில் சாமான்களுக்கு நடுவே படுத்துறங்கும் கூலிக்காரன் அவன் என்று அந்தப் படம் சிரித்துக்கொண்டே சொல்கிறது. அதே படத்தில் ஸ்டூடியோ வாசற்காவலராக ஒரு சீக்கியர் வேடிக்கைப் பாத்திரமாக வருகிறார். அக்கால நகைச்சுவையில் பிற இனத்தார் பெரும்பாலும் பேச்சின் கொச்சையைக் கொண்டே சிரிப்பூட்டினார்கள். ராம்லீயும் அந்த எளிய வழியை முற்றும் விடவில்லை. நமது தமிழ்ப் படங்களும் மலையாளத்தாரையும் சேட்டையும் அவ்வாறே நடத்தின. ஆதலால் கல்லெறிய நமக்கு உரிமை குறைவு.

‘லாபு டான் லாபி’ (1962) படத்தை நாம் தோட்டத்து நண்பர்களுக்கு விசேஷமாகச் சிபாரிசு செய்வோம். உலோபியான முதலாளி ஒருவனிடம் வேலைக்காரர் இருவர். பகலில் அடங்கிக் கிடந்து, இரவில் படுக்கையில் கிடந்தவாறே கனவு காண்கிறார்கள். ஒருவன் டாக்டராகிறான், மற்றவன் மாஜிஸ்திரேட்டாகிறான். பிறகு காட்டு வீரனாகவும் மாறுகிறார்கள். வேலைக்காரன் கனவிலே கூட அடையவேண்டிய உயரம் டாக்டரும் மாஜிஸ்திரேட்டுமாகவே இருக்கிறதென்பதை எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார்! ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு, மகனுக்கும் மருமகனுக்கும் அதே இரண்டு பட்டங்களைத் தவிர வேறு கனவு காணத் தெரியாத நமக்கு அது நல்ல கண்ணாடி.

‘என் மாமியார்’

இனி, அவர் படைப்புகளுள் தலையாயது என்று நாம் கருதும் ‘இபு மெர்த்துவாக்கு’ படத்துக்கு வருவோம். 1962-இல் வந்தது; ‘என் மாமியார்’ என்பது பொருள். காசிம் செலாமாட் என்ற சாக்ஸபோன் வாத்தியக்காரனின் வாசிப்பில் மயங்குகிறாள், சிங்கப்பூர்ச் சீமாட்டி மன்சூரின் மகள் சபாரியா. வாத்தியக்காரனுக்கு மகளைக் கொடுப்பதா என்று தாய் சீறுகிறாள். சட்டம் படித்தவன் வரலாம், வைத்தியம் படித்தவன் வரலாம். வாத்தியம் ஊதுகிறவன் வரலாகாது. மகளைக் கொடுக்கிறாள், கொடுத்த கையோடு வீட்டைவிட்டு விரட்டுகிறாள். தம்பதிகள் பினாங்கு செல்கிறார்கள். வாத்தியத்தை விட்டுவிட்டு உடலுழைப்புக்கு இறங்கிய காசிமுக்குக் கூலி போதவில்லை. பிள்ளைப்பேற்றுக்கு மகளை அழைத்துச் செல்லும் தாய், அவள் இறந்துவிட்டாள் என்று பொய்ச் செய்தி அனுப்புகிறாள். அழுது அழுது காசிம் கண் இழக்கிறான். மகளோ கண் டாக்டர் ஒருவருக்கு மறுமணம் செய்விக்கப்படுகிறாள்.

குருடனாய் அலைந்தவனைப் பினாங்கில் ஏழைத் தாயும் மகளும் ஆதரிக்கிறார்கள். அவர்கள் வீட்டில் அவன் மீண்டும் சாக்ஸபோனைத் தொடுகிறான். ஒஸ்மான் ஜைலானி என்ற புதுப் பெயரில் புகழடைந்து சிங்கப்பூர் வருகிறான். விதியின் விளையாட்டால் சபாரியாவை மணந்த டாக்டரே அவனுக்குச் சிகிச்சை செய்து பார்வை கொடுக்கிறார். பார்வை வந்ததும் உண்மை தெரிகிறது. வந்த பார்வையை அவன் வேண்டாமென்கிறான். முள்கரண்டிகளால் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான்.

கதையில் தற்செயல்கள் மிகுதி என்பதை மறுக்க மாட்டோம். கண் டாக்டர் அதே டாக்டராக இருப்பதும், அழுதே கண் போவதும் அறிவுக்கு ஒவ்வா. பிற்பாதி அழுகையில் ஊறி நனைந்திருக்கிறது. ஆயினும் இப்படத்தின் உயிர் நிகழ்ச்சிகளில் இல்லை. அவற்றின் அமைப்பில் இருக்கிறது. கவனியுங்கள்: காசிமைச் சீமாட்டி இரண்டு முறை சந்திக்கிறாள். பெயரில்லாத வாத்தியக்காரனாய் இருந்தபொழுது அவனை இகழ்ந்தாள். புகழ்பெற்ற வாத்தியக்காரனாய் அவன் திரும்பியபொழுது ஊரே அவன் காலடியில் கிடக்கிறது. வாத்தியம் அதே வாத்தியம். ஊதும் வாயும் அதே வாய். நடுவே மாறியது விளம்பரத்தில் போட்ட பெயர் ஒன்றே. நாம் தொடக்கத்தில் கூறிய இழிவும் வழிபாடும் இங்கே நேருக்கு நேர் நிறுத்தப்படுகின்றன. இரண்டுக்கும் மருந்து எங்கே என்றால், அந்த ஏழைத் தாயும் மகளும் இருந்த வீட்டில். அவர்கள் அவன் யார் என்று கேட்கவில்லை. பசிக்கிறதா என்று கேட்டார்கள். கண்ணைக் குத்திக்கொள்ளும் காட்சி நாடகத்தனமானது என்பார் உண்டு. நாம் அதை ஒரு கலைஞனின் மறுப்பு என்று படிக்கிறோம். ‘என்னை இழிவு செய்த உலகம் எனக்குக் கொடுக்கும் பார்வை எனக்கு வேண்டாம்’ என்பதே அந்தச் செய்கையின் பொருள்.

இந்தப் படத்தில் இன்னொரு செய்தி உண்டு. திரையில் ராம்லீ ஊதும் சாக்ஸபோனை உண்மையில் ஊதியவர் யூசுப் பி. என்ற வாத்தியக்காரர். வாத்தியக்காரனின் மானத்துக்காக வழக்காடும் படத்திலேயே உண்மை வாத்தியக்காரன் திரைக்குப் பின்னால் நிற்கிறான்! இது ராம்லீயின் குற்றமன்று. சினிமாத் தொழிலின் இயல்பு. ‘சிந்தா’வில் தாமே அப்படிப் பின்னால் நின்று பாடியவர், இதன் சுவையை மற்றெவரையும்விட நன்கு அறிந்திருப்பார்.

‘அந்தாரா டுவா டார்ஜாட்’ (1960) என்ற படமும் இதே வழக்கையே பேசுகிறது. ‘இரு நிலைகளுக்கு நடுவே’ என்று பெயரே கூறுகிறது. கம்பத்து வாத்தியக்காரனுக்கும் அரச குலத்துப் பெண்ணுக்கும் நடுவே நிற்கும் பட்டப்பெயர்ச் சுவரை அது இடிக்கிறது. நாம் சாதி என்பதை அவர்கள் குலப்பட்டம் என்கிறார்கள், சுவர் ஒன்றே.

குறையும் உண்டு

புகழ்ச்சி மட்டும் பாடினால் விமரிசனமாகாது. 1964-இல் வந்த ‘மது தீகா’ மூன்று மனைவியரைக் கட்டிக்கொண்டு திண்டாடும் ஒருவனின் நகைச்சுவைக் கதை. தைப்பேயில் பரிசும் பெற்றது. சிரிக்கிறோம், ஐயமில்லை. மனைவியரின் புத்திக்கூர்மை கணவனின் புத்தியைவிடப் பல மடங்கு உயர்ந்தது என்று காட்டுவதும் உண்மை. ஆனால் சிரித்து முடித்தபின், பொய் சொன்னவன் இழந்தது என்ன என்று கேட்டால் விடையில்லை. ஏழைக்கும் பணக்காரனுக்கும் நடுவே இருந்த அநீதியைக் கண்ட அதே கண், ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே இருந்ததைக் கண்டும் காணாததுபோல் கடந்துவிட்டது. அவர் படங்களில் பெண்கள் அழுவார்கள், பாடுவார்கள், மன்னிப்பார்கள். முடிவு செய்வது அரிது. முடிவு செய்யும் பெண் சீமாட்டி மன்சூரைப் போலக் கொடியவளாய் இருப்பாள். இது ராம்லீயின் எல்லை. அவர் காலத்தின் எல்லையும் கூட.

இதற்கு எதிர்ச்சான்று அவர் வாழ்விலேயே இருந்தது. 1961-இல் அவர் மணந்த சலோமா, சிங்கப்பூர் பாசிர் பாஞ்சாங்கில் பிறந்த பாடகி. தம் குரலாலும் உடையாலும் முடிவாலும் தம் வழியைத் தாமே அமைத்துக்கொண்டவர். அப்படிப்பட்ட ஒரு பெண்ணை மையமாக வைத்து ராம்லீ ஒரு பெருங்கதை எடுத்திருந்தால் மலாய்ப் படவுலகம் இன்னும் வளம் பெற்றிருக்கும்.

இறக்கம்

1964-இல் ‘தீகா அப்துல்’ படத்தோடு சிங்கப்பூர் வாழ்வை முடித்துக்கொண்டு ராம்லீ கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். மெர்டேக்கா ஸ்டூடியோவில் 18 படங்கள் எடுத்தார். அவற்றுள் எதுவும் பழைய உயரத்தை எட்டவில்லை. 1972-இல் வந்த ‘லக்சமானா டோ ரே மீ’ கடைசிப் படம். 1973-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள் மாரடைப்பால் இறந்தார். வயது 44. ஏறக்குறைய 66 படங்களில் நடித்தவர் பெரும்பொருள் எதுவுமின்றி மறைந்தார்.

வீழ்ச்சிக்குக் காரணம் என்ன? திறமை வற்றிவிட்டது என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. ஊரெங்கும் கிட்டார் கோஷ்டிகள் தோன்றி ஆட்டக் கூடத்துப் பாண்டு வாத்தியத்தைத் தள்ளிவிட்டன என்பது உண்மை. ஆனால் ‘தீகா அப்துல்’ படத்தில் டுவிஸ்ட் மெட்டில் பாட்டமைத்து, புது அலையையும் தம்மால் ஏறமுடியும் என்று அவர் காட்டியிருந்தார். 1963-இல் டெலிவிஷன் வீடுகளுக்குள் நுழைந்தது. அவ்வாண்டே தொடங்கிய இந்தோனேசியப் பகைமையால் மலாய்ப் படங்களின் பெரிய சந்தை அடைபட்டது. இவை யாவும் உண்மைக் காரணங்கள். எல்லாவற்றுக்கும் மேலான காரணம் ஒன்று உண்டு: பட்டறை கலைந்துவிட்டது. ஜாலான் அம்பாஸில் அவருக்குப் பக்கத்தில் பாட்டெழுதியவர், வாத்தியம் வாசித்தவர், காமிரா பிடித்தவர், வசனத்துக்கு எதிர்வசனம் பேசியவர் பலர் இருந்தனர். பதினாறு ஆண்டு ஒன்றாக உழைத்து, ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்தவர்கள். அவர்களிற் பெரும்பாலோர் சிங்கப்பூரிலேயே நின்றுவிட்டார்கள். ஸ்டூடியோவும் 1967-இல் மூடப்பட்டது. ஒரு மேதையை மரத்துக்கு ஒப்பிட்டால், நாம் கண்டது மரத்தை மட்டுமே, வேர்களைக் காணவில்லை. வேறு மண்ணில் நட்டபொழுதுதான் வேர்கள் அறுந்தது தெரிந்தது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய முடிவுகளைக் கண்டிருக்கிறோம். 1944-இல் ‘ஹரிதாஸ்’ படத்தால் மூன்று தீபாவளி கண்ட பாகவதர், கொலை வழக்கில் சிறை சென்று, 1947-இல் விடுதலை பெற்று வந்தபின் பழைய இடத்தை அடையவேயில்லை. 1959-இல் 49-ஆம் வயதில் மறைந்தார். தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஜே. பி. சந்திரபாபு, மேனாட்டு ஆட்டமெட்டைத் தமிழ் நாவில் தவழவிட்டவர். ராம்லீயைப் போலவே பாடினார், ஆடினார், சிரிக்கவைத்தார், 1966-இல் ஒரு படத்தை இயக்கவும் செய்தார். ராம்லீ இறந்து பத்து மாதம் ஆகுமுன், 1974 மார்ச் 8-இல், அவரும் வறுமையில் மறைந்தார். ஒருவரையொருவர் அறியாத இரண்டு கலைஞர், ஒரே சங்கீதம், ஒரே முடிவு. தற்செயல் என்று தள்ளிவிட நம் மனம் ஒப்பவில்லை. கைதட்டலைச் சம்பளமாக எண்ணிக்கொள்ளும் சமூகம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் இது நிகழும்.

மாலைகளும் பட்டங்களும் பின்னால் வந்தன. 1982-இல் கோலாலம்பூரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் இடப்பட்டது. 1986-இல் அவர் வாழ்ந்த வீடு நினைவகமாயிற்று. 1990-இல், இறந்து பதினேழு ஆண்டுகளுக்குப்பின், ‘டான் ஸ்ரீ’ பட்டம் வழங்கப்பட்டது. சீமாட்டி மன்சூர் இருந்திருந்தால் இப்பொழுது மகளைத் தாராளமாகக் கொடுத்திருப்பாள்!

நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது சுருக்கமானது. திருமண வீட்டில் நாதஸ்வரம் வாசிப்பவருக்குப் பந்தியில் எங்கே இலை போடப்படுகிறது என்று பாருங்கள். தோட்டத்துத் திருவிழாவில் விடிய விடிய வேஷம் கட்டி ஆடியவருக்குக் கூலி கொடுக்கும்பொழுது நம் கை எவ்வாறு நீளுகிறது என்று பாருங்கள். பாட்டுப் படிக்கிறேன் என்று சொல்லும் பிள்ளைக்கு வீட்டில் என்ன விடை கிடைக்கிறது என்று பாருங்கள். பாட்டன்மார் காலத்துச் சொல்லைக் கைவிடவேண்டும் என்பதுகூட இல்லை. ‘கூத்தாடி’ என்ற சொல்லை ‘உழைப்பாளி’ என்ற பொருளில் சொல்லப் பழகினால் போதும். கிழக்கே பார்ப்பவனும் மேற்கே பார்ப்பவனும் ஒரே பந்தியில் உட்காரும் நாள் வந்தால், காசிம் செலாமாட்டின் கண்ணுக்கு மருந்து கிடைத்ததென்று கொள்ளலாம்.